முதுகுக்காரரின் நாக்கு

ஷட்டர் பழுதுபார்க்கும் ஒருவர், தனக்கு மூளை கிடையாது என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கு முத்திரையும் வாங்கி வந்தார் என்று எங்கள் கடைத்தெருவில் ஒரு பேச்சு. மருந்துக்கடையில் கேட்டபோது அது 'மூளை கிடையாது' என்றுதான் இருந்தது. நான்கு கடை தள்ளி ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்குள் 'இருந்தது, இப்போது இல்லை' என்று ஆகிவிட்டது. சலூனில் அதற்கு மருத்துவச் சான்றிதழும் சேர்ந்துவிட்டது. தன் மூளையைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசக்கூடிய மனிதர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறாரா என்ற சந்தேகத்தில்தான் விசாரிக்கப் போனேன்.

இருக்கிறார். ஆனால் அடக்கம் இல்லை.

கடைத்தெரு அவரை 'முதுகு' என்று அழைக்கும். இருபத்திரண்டு வருடமாக ஷட்டர் பழுது பார்க்கிறார். அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது முதுகைத்தான். கடைக்காரர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் முதுகு இடப்பக்கம் நகரும். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். விடாமல் நின்றால், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்" என்று உள்ளே அனுப்பிவிடுவார். தண்ணீர் வருவதற்குள் வேலை முடிந்து, சாக்பீஸால் போட்ட கோடு வரை துடைத்திருக்கும். உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டதே இல்லை. "இன்னைக்கு ஸ்பானர் எடுத்துக் குடுப்பான், நாளைக்கு எதிர்ல கடை போடுவான்" என்பார்.

பொறாமை சிலருக்கு நோய். இவருக்கு அது சத்துணவு. பூட்டுக்கடைக்காரர் பெயர்ப்பலகைக்கு விளக்குப் போட்டால் இவருக்குக் கண் கூசும். பெயின்டர் தான் எழுதிய பலகையின் ஓரத்தில் குட்டியாகக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, "எழுத்துக்குக் கீழ எழுதினவன் பேரு. ஷட்டருக்குக் கீழ யார் பேரு? சாக்கடைதான்" என்று பெருமூச்சு விடுவார். தான் பழுதுபார்க்காத ஷட்டர் ஒன்று சத்தமில்லாமல் இறங்கினால், அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த மனிதர் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அதில் பொய் இல்லை.

துணிக்கடை ஷட்டரின் சுருள் கம்பி ஒருநாள் அறுந்தது. அத்தனை இரும்பும் டமார் என்று இறங்கி, கடைக்காரரின் செருப்பு நுனியை வெட்டிவிட்டது. விரல் தப்பியது அரை அங்குலத்தில். முதுகு மூன்று மாதம் யோசித்து, ஷட்டரின் அடிப்பட்டையில் பொருத்துகிற மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு செய்தார். ஷட்டர் மெதுவாக இறங்கினால் அது சும்மா தொங்கும். வெடுக்கென்று விழுந்தால் வெளியே நீண்டு, பக்கச் சட்டத்தில் போட்ட துளையைக் கவ்விக்கொள்ளும். டக். ஷட்டர் அந்தரத்தில் நிற்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'நாக்கு'.

"எப்படிங்க நிக்குது?" என்று துணிக்கடைக்காரர் கேட்டார்.

"நாக்கு நிறுத்துது."

"அதான், நாக்கு எப்படி நிறுத்துது?"

"உங்க நாக்கை நிறுத்துங்க, சொல்றேன்."

சொல்லவில்லை. நாக்கின் மேல் தகர மூடி போட்டு, நான்கு ரிவெட் அடித்துவிட்டார். வருடம் ஒருமுறை வந்து பழைய நாக்கைக் கழற்றிப் புதிதைப் போடுவார். பழையதை வீட்டுக்குக் கொண்டுபோய் உருக்கிவிடுவார். யார் கையிலாவது கிடைத்துவிட்டால்? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீதிபதியிடமும் இவர் இதையேதான் சொன்னார், வேறு குரலில்.

அவருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கை கணவர். திரைச்சீலை விற்கிறவர். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. மாமனார் வீட்டில் கை வைத்த நாற்காலி சின்ன மாப்பிள்ளைக்கு, பிளாஸ்டிக் ஸ்டூல் மூத்த மாப்பிள்ளைக்கு. சின்னவர் வந்தால் மாமனார், "உலகம் எப்படிப் போகுது மாப்ள?" என்பார். மூத்தவர் வந்தால் மாமியார், "குழாய் ஒழுகுது, ஒரு பார்வை பாருங்களேன்" என்பார். முதுகு குழாயைப் பார்த்துக்கொண்டே உலகம் எப்படிப் போகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். திரைச்சீலைக்காரர் சொல்லும்போது அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். அதுவும் அவருக்குப் பிடிக்காது.

ஒருநாள் டயர் கடையில் பெரிய ஷட்டர், மேலே ஏற்றிவைத்தபடி வேலை. தரையெல்லாம் எண்ணெய். ஏணி வழுக்கியது. மாமனார் வீட்டிலிருந்து ஏதோ சொல்லி அனுப்பி, சகலை அந்தப் பக்கம் வந்தார்.

"சகல, ஒரு நிமிஷம் ஏணியைப் பிடிங்க. முடிச்சதும் டீ வாங்கித் தர்றேன்."

முதுகு என்பது பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் மறைப்பு. ஏணிக்குக் கீழே நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும். சகலை அண்ணாந்து பார்த்தார். "சூப்பரா இருக்கே! இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். மாமனார் குடும்பத்திலிருந்து குழாயைத் தவிர வேறொன்றைப் பற்றி யாரும் இவரிடம் கேட்டதில்லை. மனிதர் உருகிவிட்டார். ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நாக்கின் நுனியில் ஒரு சிறு வளைவு இருந்தது. அது ஏன் என்றுகூடச் சகலை கேட்டார். "அது கணக்கு" என்று இவர் கண்ணடித்தார். கணக்கு ஒன்றுமில்லை. அவருடைய பட்டறை இடுக்கியில் ஒரு பல் தேய்ந்திருந்தது, எதைப் பிடித்தாலும் அப்படித்தான் வளையும்.

பேச்சுச் சுவாரசியத்தில் டீ மறந்துபோனது.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம். ஒருநாள் மாமனார், "மாப்ள, ஹால்ல ஒரு படம் மாட்டணும். கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க" என்றார். அடித்துக் கொடுத்தார். மறுவாரம் போனால் அந்த ஆணியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காப்புரிமைச் சான்றிதழ். 'வீழ்வேகத்தால் இயங்கும் பாதுகாப்பு நிறுத்து உறுப்பு.' கண்டுபிடித்தவர், சின்ன மாப்பிள்ளை.

"படிச்சவர் படிச்சவர்தான்" என்றார் மாமனார். "உங்க தொழில் சம்பந்தமாதான் சின்ன மாப்ள ஏதோ கண்டுபிடிச்சிருக்கார். உங்களுக்கும் உபயோகமா இருக்கும்."

சான்றிதழுக்குக் கீழே வரைபடம். சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்கு முதுகு கிட்டப் போய்ப் பார்த்தார். நாக்கு. அவருடைய நாக்கு. நுனியில் அந்த வளைவுகூட அப்படியே. அதற்கு அம்புக்குறி போட்டு எண் 14 கொடுத்து, 'வளைவு 14, அதிர்ச்சியைச் சீராகப் பகிரும் பொருட்டு' என்று எழுதியிருந்தது. தேய்ந்த இடுக்கிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததைப் பார்த்து, அந்த இடுக்கியின் மேலேயே அவருக்குக் கொஞ்சம் பொறாமை வந்ததாக அவர் மனைவி சொல்கிறார்.

"இது என்னோடது" என்றார் முதுகு.

சகலை பதறவில்லை. "நீங்க தாராளமா போட்டுக்கங்க சகல. நமக்குள்ள என்ன? ஒவ்வொரு ஷட்டர்லயும் ஒரு சின்ன ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிடுங்க, 'உரிமையாளர் அனுமதியுடன்'னு. என் போட்டோ வச்ச மாதிரி அடிச்சுத் தர்றேன்."

போடாமல் இருக்கலாம், அல்லது சகலையின் சிரித்த முகத்தை ஊர்முழுக்க இவர் கையாலேயே ஒட்டலாம். இரண்டே வழி. மூன்றாவது வழியாக வக்கீலம்மாவிடம் போனார்.

வக்கீலம்மாவின் அறை ஒரு பேக்கரிக்கு மேல். கோப்புகளுக்கு நடுவே இடம் இருந்தால் ஆட்கள் உட்காரலாம்.

"இது என்னோடதுன்னு எழுதி வாங்கிக் குடுங்க மேடம்."

"உங்ககிட்டேருந்து எடுத்தார்னு காட்டணும். அவர் பார்த்ததை யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கல. நான் யாரையும் பார்க்க விடமாட்டேன்."

"சரி. அவர் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே இது ஊரறிஞ்ச விஷயம்னு காட்டினாலும் காப்புரிமை விழுந்துடும். பதினோரு கடைல மாட்டியிருக்கீங்களே. கடைக்காரங்களைக் கூப்பிடுவோம்."

மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். முதலில் டயர் கடைக்காரர் கூண்டில் ஏறினார்.

"இந்த நாக்கை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"இருக்குன்னு தெரியும்ங்க. பார்த்ததில்ல."

"அவர் மாட்டும்போது?"

"அவர் முதுகைப் பார்த்தேங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் முதுகுக்குப் பின்னால என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"முதுகுக்குப் பின்னால நான்தாங்க நின்னேன். முதுகுக்கு முன்னால நடந்ததுதான் தெரியாது."

மற்ற இருவரும் முதுகையே பார்த்திருந்தார்கள். துணிக்கடைக்காரர் கூடுதலாக, "மூடியைக் கழட்டினா கையை உடைப்பேன்னார்" என்றார். பழைய நாக்கு ஒன்றாவது உண்டா என்று நீதிபதி முதுகிடம் கேட்டார். "உருக்கிட்டேங்கய்யா." "ஏன்?" "யார் கையிலாவது கிடைச்சுட்டா?" கிடைத்திருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார்.

சகலையும் கூண்டில் ஏறி, தான் எந்த ஏணியையும் எப்போதும் பிடித்ததில்லை, டயர் கடைப் பக்கமே போனதில்லை, ஒருநாள் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தபோது யோசனை தானாகவே தோன்றியது என்று சத்தியம் செய்தார். சட்டையில் அன்றைக்கும் இரண்டு பேனா.

வக்கீலம்மா முதுகை மறுபடி பேக்கரிக்கு மேலே அழைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு வழிதான். உங்களுக்கு இந்த யோசனை எங்கேருந்து வந்தது?"

"தானா உதிச்சது."

"எல்லாருக்கும் தானா உதிக்குது. உண்மையைச் சொல்லுங்க."

முதுகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார். ஒருமுறை வாடகைக் காரில் போனபோது சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாராம். டக்கென்று நின்றதாம். மெதுவாக இழுத்தால் வந்ததாம். வழி முழுக்க இழுத்து இழுத்துப் பார்த்து, டிரைவரிடம் திட்டு வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் நாக்கு பிறந்துவிட்டது.

வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் கூண்டுல சொல்லணும். எல்லாக் கார்லயும் இருக்கிற சங்கதி. அதைப் பார்த்தா, இந்தத் தொழில்ல சாதாரணத் திறமை இருக்கிற எவனுக்கும் இது தோணும், இதுல புதுசா ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லணும். அப்ப காப்புரிமை செல்லாது."

"சாதாரணத் திறமையா?"

"ஆமா. சட்டத்தோட வார்த்தை அது."

"எவனுக்குமா?"

"எவனுக்கும்."

"நம்ம தெரு கிரில் பட்டறைக்காரனுக்குமா?"

"அவருக்கும்தான்."

"மேடம், கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமான்னே அவனுக்குத் தெரியாது."

"அதைக் கூண்டுல சொல்லிடாதீங்க, புண்ணியமா போகும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். ஒன்று, நாக்கு சகலையுடையது ஆகும். இல்லாவிட்டால், நாக்கு யாருடையதும் இல்லை, அதைச் செய்தவர் ஒரு சாதாரண ஆள். தன்னுடையது என்ற வழியைத் தானே ரிவெட் அடித்து மூடியாகிவிட்டது.

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றார் மனைவி. "கல்யாணமான நாளா நான் சொல்றதை ஒருதடவை ஜட்ஜ்கிட்ட சொல்லப் போறீங்க. அவ்வளவுதானே?"

சீட் பெல்ட் கதையை முதுகு கூண்டில் சொல்லி முடித்தார். அடுத்தது குறுக்கு விசாரணை. சகலையின் வக்கீல் வயதானவர், குரலில் வெண்ணெய். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இது பெரிய சாதனை என்று முதுகின் வாயாலேயே வர வேண்டும், வந்தால் காப்புரிமை நிலைக்கும். அவர் மிரட்டவில்லை. புகழ்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷ அனுபவம். இந்த ஊர்ல உங்களை மாதிரி ஒரு கைதேர்ந்த ஆள் இல்லைன்னு சொல்றாங்க. சரிதானே?"

முதுகு நிமிர்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவரை முன்பக்கமாகப் பார்த்துப் புகழ்கிறார்.

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

"மத்தவங்க எல்லாரும் கார்ல போறாங்க. எல்லாரும் பெல்ட்டை இழுக்கறாங்க. அதை ஷட்டரோட முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒரு தனி மூளை வேணும் இல்லையா?"

வக்கீலம்மா மேசைக்கு அடியில் பேனாவை உடைத்துவிடுவார் போல இருந்தது.

"வேணும்ங்க" என்றார் முதுகு. நீதிபதியின் சுருக்கெழுத்தாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

"சாதாரண ஆளால முடியுமா இது? நீங்களே மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. இது ஒரு மேதையோட வேலை இல்லையா?"

'மேதை' என்ற சொல் அந்த அறையில் ஊதுவத்திப் புகை மாதிரி சுற்றியது. முதுகு வாயைத் திறந்தார். அப்போது தற்செயலாகச் சகலையைப் பார்த்தார். சகலை தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், ஆமாம், மேதை. வக்கீல் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று முதுகுக்கு அப்போதுதான் உறைத்தது. சான்றிதழில் யார் பெயரோ, மேதை அவர்தானே! இவ்வளவு நேரம் இவர் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்ட மாலையெல்லாம் நேராகக் கை வைத்த நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

வயிற்றில் பற்றியது நாக்குக்கு வந்தது.

"மேதையாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார். "அதோ உக்காந்திருக்கார் பாருங்க, எங்க சகலை. ஜன்னல் துணி விக்கிறவர். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு கேட்டா யோசிப்பார். ஹால்ல படம் மாட்ட ஆணி அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டாங்க. ஏணியைத் தொட்டதில்ல, டயர் கடைப் பக்கம் போனதில்லன்னு அவரே சத்தியம் பண்ணிட்டார். அப்படிப்பட்ட ஆளுக்கே இது தானா தோணியிருக்குன்னா, இது எவ்வளவு சாதாரணமான விஷயமா இருக்கணும் அய்யா? இந்தத் தொழில்ல இருக்கிற எவனுக்குத்தான் தோணாது? கிரில் பட்டறைக்காரனுக்குக்கூடத் தோணும்!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கம்மியதாகச் சிலர் சொல்கிறார்கள். அதுதான் பிறகு அழுகையாகி, சான்றிதழாகி, சலூன் வரை வந்திருக்கிறது.

"வளைவு 14 எதுக்கு?" என்று நீதிபதி கேட்டார்.

"இடுக்கில பல் தேஞ்சுபோச்சுங்கய்யா."

நீதிபதி வரைபடத்தையும் சகலையையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பில் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. காப்புரிமை செல்லாது என்று மட்டும் எழுதினார். முப்பத்தோரு பக்கம். பதினேழாம் பக்கத்தில், 'இத்தொழிலில் சாதாரணத் திறமை உடையவரான மனுதாரரின் வாக்குமூலத்திலிருந்து' என்று ஒரு வரி.

முதுகு அந்தப் பக்கத்தோடு பேக்கரிக்கு மேலே ஓடினார். "மேடம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடச் சொல்ல முடியுமா?"

"அதை எடுத்தா தீர்ப்பே கீழ விழுந்துடும்" என்றார் வக்கீலம்மா. "உங்க நாக்கு மாதிரின்னு வச்சுக்கங்க. அதுதான் பிடிச்சிட்டிருக்கு."

ஆக, வதந்தி பாதி சரி. மூளை கிடையாது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. சாதாரணம் என்று சொன்னார். அவரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்.

இப்போது யார் வேண்டுமானாலும் நாக்கு செய்யலாம். செய்கிறார்கள். கிரில் பட்டறைக்காரர் செய்கிற நாக்கு எண்ணெய் போடாமலே வேலை செய்கிறதாம். நான் அதைச் சொன்னபோது முதுகு, "அவன் நாக்குல ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பழக்கமான முதுகு. மாமனார் வீட்டு ஹாலில் சான்றிதழ் இன்னும் தொங்குகிறது. அதுதான் செல்லாதாகிவிட்டதே என்று மூத்த மாப்பிள்ளை சொன்னதற்கு, "சட்டம் நல்ல தேக்கு மாப்ள. வெறும் ஆணியா விட்டா சுவர் நல்லா இருக்காது" என்றாராம் மாமனார். தீர்ப்பின் நகலை அங்கே மாட்டலாம். ஆனால் அதில் அவரைச் 'சாதாரணம்' என்கிற பதினேழாம் பக்கம் இருக்கிறதே.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டுமே என்று சகலையைப் பார்க்கப் போனேன். திரைச்சீலைகளுக்கு நடுவே மரியாதையாக உட்காரவைத்தார். தோற்றதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. முதுகைப் பற்றித்தான் வருத்தம்.

"ரொம்பக் கஞ்சம் சார் அவர். மனசு கஞ்சம். டயர் கடையில அந்த எண்ணெய்த் தரையில முக்கால் மணி நேரம் ஏணியைப் பிடிச்சேன், கை மரத்துப் போச்சு. டீ வாங்கித் தர்றேன்னார். இன்னைய தேதி வரைக்கும் வரல சார் அந்த டீ!"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. ஒரு திரைச்சீலையை இழுத்து மடிக்க ஆரம்பித்தார்.

கோள் சொல்வது என் தொழில் இல்லை என்றாலும் பழக்கம். நேராக முதுகிடம் போய்ச் சொன்னேன். புத்தகக்கடை ஷட்டருக்கு முன்னால் குந்தியிருந்தவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, வேலை நடுவில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். பின்னால் திறந்து கிடந்த நாக்கைப் புத்தகக்கடைக்காரர் தாராளமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணியைப் பிடிச்சேன்னு அவர் வாயாலயே சொன்னாரா?"

"சொன்னார்."

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. 'ஏணியைப் பிடிச்சேன், மேல சகலை இருந்தார், நாக்கு அவர் கையில இருந்தது'ன்னு. கோர்ட்டுக்கு இல்ல. ஹாலுக்கு. டீ என்ன, கூட பிஸ்கட்டும் வாங்கித் தர்றேன்."

போய்ச் சொன்னேன். சகலை பையிலிருந்த இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்தார், மூடியைத் திறந்தார், யோசித்தார், மூடினார்.

"முதல்ல டீ வரட்டும் சார். அப்புறம் எழுதறேன்."

திரும்ப வந்து சொன்னேன். முதுகு அதற்குள் ஷட்டர் பக்கம் திரும்பியிருந்தார்.

"முதல்ல எழுத்து" என்றது முதுகு.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே டீக்கடைக்குத்தான் வருகிறார்கள். ஆளுக்கொன்று, தனித்தனியாக.